14 மாதமாகியும் விற்காத செம்பனை நாற்று

கேள்வி: சுங்கை சிப்புட்டில் சின்ன அளவில் செம்பனை நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன் ஐயா. ஓர் எஸ்டேட்டில் வாய்வார்த்தையாகக் கேட்டதை நம்பி 4,000 நாற்று வளர்த்தேன். இப்போது 14 மாதம். "மறுநடவு அடுத்த வருஷம்தான்" என்கிறார்கள். உரம், ஆள்கூலி எல்லாம் கைக்காசு. என்ன செய்வது?

பதில்: செம்பனை எண்ணெய் விலை ஏறினால், மறுநடவுக்காக 25 வயது முதிர்ந்த மரத்தைக்கூட யாரும் சாய்க்க மாட்டார்கள், குலை கிடைக்கிறவரை வெட்டலாம் என்றிருப்பார்கள். 2022 மார்ச்சில் டன் 7,000 ரிங்கிட்டைத் தாண்டியதே, அப்படிப்பட்ட நேரம் எஸ்டேட்டுக்குத் தீபாவளி, நாற்றுக்காரருக்குத் தலைவலி.

சரி, இருக்கிற நாற்றைப் பார்ப்போம். நடவுக்கு 12 மாதம் சரியான வயது. 14 மாதம் கைமீறிப் போன வயதல்ல. ஆனால் 90 சென்டிமீட்டர் இடைவெளியில் இலையோடு இலை உரசினால் நாற்று வெளிச்சம் தேடி ஒல்லியாக நீண்டுவிடும். இடமிருந்தால் பைகளைத் தள்ளி வையுங்கள். இல்லையென்றால் ஒரு பகுதியைச் சிறுதோட்டக்காரர்களுக்கு விலை குறைத்தாவது கொடுத்துவிடுங்கள், மிச்சத்துக்குக் காற்றும் வெளிச்சமும் கிடைக்கும். உரத்தை அடியோடு நிறுத்தாதீர்கள். வெளிறிய நாற்றை எவரும் தொட மாட்டார்கள்.

வேர் பையைக் கிழித்துத் தரையில் இறங்கியிருக்கும். லோரி வருகிற அன்று பிடுங்கினால் அறுந்த வேரோடு போய் வயலில் வாடும். இரண்டு மூன்று வாரம் முன்பே பையைத் திருப்பி வைத்து அந்த வேரை அறுத்து, தண்ணீர் விட்டுத் தேற்றுங்கள்.

கழிவு எடுத்தீர்களா, அதாவது தேறாத நாற்றைப் பொறுக்கி எறிந்தீர்களா? நீங்கள் அதைச் சொல்லவே இல்லை. குட்டை, தலை தட்டையானது, இலை ஒடுங்கியது எல்லாம் போகவேண்டும். விதையிலிருந்து கணக்கிட்டால் கால் பங்குக்கு மேல் கழிவது சாதாரணம். ஹெக்டருக்கு 136 முதல் 148 மரம் நட 200 விதை வாங்குவதே அதனால்தான். எறிய மனம் கேட்காமல் அவற்றையும் அனுப்பினால், வாங்கியவருக்குத் தெரிய மூன்று வருடமாகும். அப்புறம் 25 வருடம் உங்களைத் திட்டுவார்.

அடுத்த முறை வாய்வார்த்தை வேண்டாம். முளைவிட்ட விதை வந்தால் சில நாளில் ஊன்றியாக வேண்டும், வைத்திருக்க முடியாது. ஆகவே விதைக்குப் பணம் கட்டும் அன்றே முன்பணம் வாங்குங்கள். 12 மாதத்துக்குப் பிறகு எடுத்தால் நாற்றுக்கு மாதம் இவ்வளவு பராமரிப்புக் கூலி என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மொத்த விதையையும் ஒரே தடவையில் ஊன்றாமல் மூன்று மாத இடைவெளியில் பிரித்து ஊன்றுங்கள்.

மலேசிய செம்பனை வாரியத்தின் நாற்று உரிமத்தையும் விதைச் சான்றையும் கையோடு வைத்திருங்கள். புதிதாக வருகிறவர் முதலில் அதைத்தான் கேட்பார்.