எலும்பு முறிந்தால் கூடிவிடுகிறது, உடைந்த பல் ஏன் வளர்வதில்லை? கால்சியம் மாத்திரை கொடுத்தால் வளருமா?

பிள்ளைக்குப் பல் உடைந்த கவலையில்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே நாளில் நடந்தது.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பெரம்பூரில் எங்கள் தெருவில் வடிகாலுக்குத் தோண்டி மூடாமல் போட்ட பள்ளத்தின் ஓரம் சைக்கிளோடு விழுந்தாள். இடது மணிக்கட்டில் முறிவு. மேல் முன்பல்லில் ஒரு மூலை போய்விட்டது. அந்தத் துண்டை மண்ணிலிருந்து நான்தான் பொறுக்கினேன். நொய்யரிசி அளவு இருக்கும். ஒரு பக்கம் பளபளவென்று, உடைந்த பக்கம் சுண்ணாம்புக்கட்டி மாதிரி மங்கலாக.

கைக்கு மாவுக்கட்டு போட்டார்கள். மூன்றாம் வாரத்து எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன், முறிந்த கோட்டைச் சுற்றிப் பஞ்சு ஒட்டியதுபோல் லேசான வெள்ளை. அதுதான் புது எலும்பு. ஆறாம் வாரம் கட்டைப் பிரித்தாயிற்று. பல் அப்படியேதான் இருந்தது.

"சின்னதுல பால் ஒழுங்கா குடுத்திருந்தா இப்படி ஆகுமா?" என்று ஒரு கல்யாண வீட்டில் பத்துப் பேர் முன்னால் கேட்டார் என் நாத்தனார். அன்றிரவு தூக்கம் வரவில்லை. நான் டாக்டர் இல்லை, கெமிஸ்ட்ரி படித்து டியூஷன் எடுப்பவள். ஆனால் அதற்குப் பிறகு தேடித் தேடிப் படித்தேன்.

எலும்பிலும் பல்லிலும் இருப்பது ஏறக்குறைய ஒரே கனிமம்தான், ஹைட்ராக்ஸி அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட். அதைப் போடுகிற செல்கள்தான் வேறு. எலும்பில் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் முதலில் கொலாஜன் என்ற புரத நாரைப் பின்னுகின்றன. சில நாள் கழித்து அந்த நாருக்குள் கனிமப் படிகங்கள் இறங்குகின்றன, கம்பி கட்டிக் கான்கிரீட் போடுவது மாதிரி. இந்தச் செல்கள் கடைசிவரை நமக்கு ஊறிக்கொண்டே இருக்கும். பல்லின் கெட்டியான மேல் உறையான எனாமலைச் செய்யும் அமெலோபிளாஸ்ட் செல்கள் அப்படி இல்லை. தாடைக்குள்ளேயே வேலையை முடித்துவிட்டு, பல் வெளியே வரும்போது அழிந்துபோகின்றன. முன்பல்லின் எனாமல் நாலைந்து வயதிலேயே முடிந்த வேலை. எடையில் சுமார் 96 சதவீதம் கனிமம், உள்ளே ரத்த ஓட்டமும் இல்லை, உயிருள்ள செல்லும் இல்லை. விழுங்கிய மாத்திரை எந்த வழியாக அங்கே போகும்?

உமிழ்நீர் கனிமத்தைத் திருப்பித் தருமே என்று யாராவது கமென்டில் வருவீர்கள். தரும். வாயில் பி.எச். (அமிலத்தைக் காட்டும் அளவு, குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும், அமிலம் தணிந்ததும் உமிழ்நீரின் கால்சியமும் பாஸ்பேட்டும் திரும்பப் படியும், ஃபுளூரைடு இருந்தால் இன்னும் நன்றாக. ஆனால் அது இருக்கிற படிகத்தைத்தான் சரிசெய்யும், போன மூலையைக் கட்டாது.

   

உங்கள் பிள்ளையின் பல் துண்டு கிடைத்தால் பாலில் போட்டு அன்றே பல் டாக்டரிடம் போங்கள், சில சமயம் அதையே ஒட்டிவிடுவார்கள். நான் கைக்குட்டையில் மடித்து வைத்துவிட்டு, கை பற்றிய பதற்றத்தில் நாலு நாள் கழித்துத்தான் போனேன். பல் நிறத்தில் ஃபில்லிங் வைத்தார்கள். அந்தத் துண்டு இன்னும் என் பீரோவில், பழைய மோதிர டப்பாவில் இருக்கிறது.