ஜெனீவாவுக்குப் போகும் வழி சென் காலன் ஊடாகத்தான்

கேள்வி: சுவிஸில் எங்கள் தஞ்சக்கோரிக்கை நிராகரிக்கப்பட்டுவிட்டது. 30 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம் என்று கடிதத்தில் இருக்கிறது. மகளுக்கு 12 வயது, மகனுக்கு 7. இருவரும் இங்கேதான் படிக்கிறார்கள். கோயிலில் சந்தித்த ஒருவர், "வியோலா அம்ஹெர்ட் பாராளுமன்றத்தில் போராடிக் கொண்டுவந்த சட்டம் இருக்கிறது. பிள்ளைகளின் பேரில் நேரே ஜெனீவாவுக்கு முறைப்பாடு எழுதலாம். மேன்முறையீட்டுக்குக் காசைக் கொட்டாதீர்கள்" என்றார். அப்படிச் செய்யலாமா?

சகோதரி, நாள் எண்ணிக்கொண்டிருக்கிற விஷயம் என்பதால் உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தனியாகச் சுருக்கமான பதில் அனுப்பினேன். இதே பேச்சை வேறு குடும்பங்களிடமும் கேட்டுவிட்டேன். அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

மேன்முறையீட்டைக் கைவிடாதீர்கள். அதைக் கைவிட்டால் ஜெனீவாவின் கதவும் சேர்ந்தே மூடிவிடும்.

கோயிலில் சந்தித்தவர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார். ஐ.நா. சிறுவர் உரிமைச் சாசனத்துக்கு மூன்றாவது விருப்ப நெறிமுறை ஒன்று 2011 டிசம்பரில் நிறைவேறியது. ஒரு நாடு பிள்ளையின் உரிமையை மீறினால் அந்தப் பிள்ளையோ, பிள்ளைக்காக இன்னொருவரோ ஜெனீவாவில் இருக்கிற ஐ.நா.வின் சிறுவர் உரிமைக் குழுவிடம் முறையிடலாம் என்கிற ஏற்பாடு அது. அதில் சுவிஸ் சேர வேண்டும் என்று 2012இல் பிரேரணை கொண்டுவந்தவர், அப்போது வாலிஸ் மாநிலத்திலிருந்து தேசிய அவைக்குத் தெரிவாகியிருந்த அம்ஹெர்ட். பிறகு அமைச்சராகி 2024இல் நாட்டின் அதிபராகவும் இருந்தவர். அவருடைய பிரேரணை ஏட்டோடு நின்றுவிடவில்லை. சுவிஸ் 2017 ஏப்ரலில் நெறிமுறையை ஏற்றது. அந்த ஆண்டு ஜூலை 24 முதல் அது இங்கே நடைமுறையில் இருக்கிறது. ஒரு பாராளுமன்ற உறுப்பினர் பிடிவாதமாக நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு இதை நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவதுண்டு. இலங்கையும் இந்தியாவும் சாசனத்தை ஏற்ற நாடுகள்தான், ஆனால் இந்த நெறிமுறையில் சேரவில்லை. ஊரிலிருந்து உங்கள் தங்கை கேட்டால் அவருக்கு இந்த வழி இல்லை.

உங்களுக்கு இருக்கிறது. பிள்ளைகளின் கடவுச்சீட்டு இலங்கையுடையது என்று தயங்க வேண்டாம். பிள்ளை எந்த நாட்டின் அதிகாரத்துக்குள் இருக்கிறது என்பதுதான் கணக்கு, குடியுரிமை அல்ல.

இனி, அவர் சொல்லாமல் விட்ட பாதி. உள்நாட்டில் இருக்கிற எல்லாப் பரிகாரங்களையும் தேடி முடித்த பிறகுதான் குழு உங்கள் கோப்பைத் திறக்கும். இதில் அது எவ்வளவு கண்டிப்பானது என்பதற்கு உலகமே பார்த்த வழக்கு ஒன்று உண்டு. 2019 செப்டெம்பரில் கிரேட்டா துன்பெர்க்கும் இந்தியாவின் ஹரித்வாரைச் சேர்ந்த ஒரு சிறுமியும் உட்பட 16 பிள்ளைகள், காலநிலை மாற்றத்தைத் தடுக்கத் தவறியதாக ஜெர்மனி, பிரான்ஸ் முதலிய ஐந்து நாடுகள் மீது முறையிட்டார்கள். தங்கள் எல்லைக்கு வெளியே வாழும் பிள்ளைகளுக்கு விளையும் தீங்குக்கும் அந்த நாடுகள் பதில் சொல்ல வேண்டியிருக்கலாம் என்று குழு ஏற்றுக்கொண்டது. ஆனால் 2021இல் முறைப்பாட்டை விசாரிக்க முடியாது என்று திருப்பிவிட்டது. காரணம் ஒன்றுதான்: அந்தந்த நாட்டு நீதிமன்றங்களுக்கு அவர்கள் முதலில் போகவில்லை.

உங்களுக்கு அந்த நீதிமன்றம் சென் காலனில் இருக்கிற சமஷ்டி நிர்வாக நீதிமன்றம். தஞ்ச விவகாரத்தில் அதற்கு மேல் இங்கே நீதிமன்றம் இல்லை. உங்கள் தவணை 30 நாள். இதை வாசிக்கிற எல்லாருக்கும் அப்படி அல்ல. துரித நடைமுறையில் 7 வேலைநாள், டப்ளின் முடிவுகளுக்கு, அதாவது உங்கள் கோரிக்கையை வேறொரு ஐரோப்பிய நாடுதான் விசாரிக்க வேண்டும் என்கிற முடிவுகளுக்கு, 5 வேலைநாள். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருப்பதுதான் உங்கள் தவணை. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்ததைப் பார்த்து இருந்துவிடாதீர்கள்.

இந்த மேன்முறையீட்டில் பிள்ளைகளைப் பற்றி என்ன எழுதப் போகிறீர்கள் என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுகிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு தஞ்ச விசாரணையில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். காலை எட்டரைக்குத் தொடங்கியது. தாயிடம் வன்னி, முகாம், கணவர் என்று மணிக்கணக்கில் கேள்விகள். பிள்ளைகளைப் பற்றி ஒரே கேள்வி: "பிள்ளைகள் சுகமா?" தாய் "ஓம்" என்றார். நானும் ஒரு சொல்லில் மொழிபெயர்த்தேன். பதிவில் அது ஒரு வரி. இடைவேளைக்கு வெளியே வந்தபோது பத்து வயது மகள் நடைவழியில் குந்தியிருந்து தம்பியின் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த ஒற்றைச் சொல் இன்றும் என்னை உறுத்துகிறது.

2020இல் குழு சுவிஸுக்கு எதிராகச் சொன்ன ஒரு முடிவு இதைத்தான் தொட்டது. அசர்பைஜானைச் சேர்ந்த ஒரு தாயையும் இரண்டு பிள்ளைகளையும் இத்தாலிக்குத் திருப்பி அனுப்ப முடிவெடுத்திருந்தார்கள். பிள்ளைகளைத் தனியாகக் கேட்கவில்லை. பிள்ளையின் நலனுக்கு முதலிடம் தரச் சொல்கிற 3ஆம் பிரிவும், பிள்ளையின் கருத்தைக் கேட்கச் சொல்கிற 12ஆம் பிரிவும் மீறப்பட்டதாகக் குழு கண்டது. பெற்றோர் என்ன காரணத்துக்காகத் தஞ்சம் கேட்டிருந்தாலும், பிள்ளையின் நிலையைத் தனியாக எடைபோட வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. பிள்ளையைக் கேட்பதற்குச் சாசனம் வயது எல்லை எதையும் வைக்கவில்லை.

ஆகவே உங்கள் சட்டத்தரணியிடம் இந்த இரண்டு பிரிவுகளையும் பெயர் சொல்லி எழுதும்படி கேளுங்கள். மகளை நேரில் கேட்க வேண்டும் என்ற கோரிக்கை மேன்முறையீட்டிலேயே இருக்கட்டும். அவள் கைப்பட ஒரு கடிதமும் எழுதட்டும். திருத்தாதீர்கள், எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும். தோழியின் பெயர், எந்தப் பாடம் பிடிக்கும், ஊரை நினைத்தால் என்ன பயம், எந்த மொழியில் கனவு காண்கிறாள் என்று அவளுக்குத் தோன்றியதை எழுதட்டும். மகனுக்கு ஆசிரியரின் கடிதமும் பிள்ளை வைத்தியரின் அறிக்கையும் வாங்குங்கள். சென் காலனில் எழுப்பாத குறையை ஜெனீவாவில் முதல் தடவையாகச் சொன்னால் எடுபடாது. காசுக்கு வழியில்லை என்றால் மாநிலங்களில் இலவச சட்ட ஆலோசனை நிலையங்கள் இருக்கின்றன. நீதிமன்றச் செலவைத் தள்ளுபடி செய்யும்படி மேன்முறையீட்டிலேயே கேட்கலாம்.

அங்கும் தோற்றால், அப்போது ஜெனீவா. இறுதித் தீர்ப்பிலிருந்து ஓர் ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் வெளியேற வேண்டிய திகதி குறித்துவிட்டால் ஓர் ஆண்டு என்பது வெறும் எண். அந்த நிலையில் முறைப்பாட்டோடு இடைக்கால நடவடிக்கையும் கேட்க வேண்டும். குழு தன் முடிவைச் சொல்லும் வரை பிள்ளைகளை அனுப்ப வேண்டாம் என்று அது அரசைக் கேட்டுக்கொள்ள முடியும். வெளியேறும் திகதியை முறைப்பாட்டின் தலைப்பிலேயே எழுதுங்கள்.

கட்டணம் இல்லை. சட்டத்தரணி கட்டாயமும் இல்லை, இருந்தால் நல்லது. பெயர் இல்லாத முறைப்பாட்டை எடுக்க மாட்டார்கள். ஆனால் வெளியிடும்போது பெயருக்குப் பதிலாக முதலெழுத்துகளை மட்டும் போடும்படி கேட்கலாம். ஜெர்மன் ஐ.நா.வின் மொழி அல்ல. அதனால் தீர்ப்பின் முக்கியப் பகுதிகளை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மொழிபெயர்த்து இணைக்க வேண்டும். மகளின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தெரியாமல் அவள் பேரில் எழுதுவது சரியல்ல.

ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றத்துக்கும் சேர்த்து அனுப்பிவைப்போம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். ஒரே விஷயத்தை வேறொரு சர்வதேச அமைப்பு ஆராய்ந்திருந்தாலோ ஆராய்ந்துகொண்டிருந்தாலோ குழு அதைத் தொடாது. ஸ்ட்ராஸ்பூர்க்கின் தவணை நான்கு மாதம். எது உங்கள் வழக்குக்குப் பொருந்தும் என்று தீர்ப்பு வந்த வாரமே சட்டத்தரணியோடு உட்கார்ந்து தீர்மானியுங்கள்.

ஜெனீவாவில் வென்றாலும் அது நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. பதினெட்டு நிபுணர்கள் கொண்ட குழுவின் முடிவு. அரசு அதைக் கவனத்தில் எடுத்து, ஆறு மாதத்துக்குள் என்ன செய்தோம் என்று எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். நான் மேலே சொன்ன முறைப்பாடு 2018இல் பதிவாகி 2020இல்தான் முடிவானது. இந்தக் காத்திருப்பையும் கணக்கில் வையுங்கள்.

அம்ஹெர்டுக்குக் கடிதம் எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தனி வழக்கில் அரசியல்வாதி எவரும் நீதிமன்றத்துக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. அவரால் ஆனதை 2012இலேயே செய்துவிட்டார். அந்தக் கடிதத்துக்குச் செலவிடும் நேரத்தை மகளின் கடிதத்துக்குக் கொடுங்கள். எழுதி முடித்ததும் பிரதி எடுத்துவிட்டு, மேன்முறையீட்டோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் முத்திரையில் விழும் திகதி தவணைக்குள் இருக்க வேண்டும். அந்தப் பற்றுச்சீட்டை எறிந்துவிடாதீர்கள்.