மொரிஸ் மைனருக்காக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன், வயது 31. கையில் வருவது மாதம் 70 ஆயிரம் மட்டில். எங்கள் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற ஐயாவிடம் அவருடைய 1961 மொரிஸ் மைனர் காரை 6 லட்சத்துக்கு வாங்கிவிட்டேன். ஓடுகிறது, ஆனால் ஏற்றத்தில் இழுக்காது, கறுப்புப் புகை வேறு. டவுனில் ஒரு கராஜில் எஞ்சின், டிங்கரிங், பெயின்ட், சீட் எல்லாம் சேர்த்து 7 லட்சம் கேட்கிறார்கள். வைப்பில் 4 லட்சம் இருக்கிறது. மீதிக்கு அம்மா தந்த நகையை அடகு வைக்கலாமா, அல்லது வேலையை நானே பழகிச் செய்ய முடியுமா? அத்தான் "வித்துட்டு லீசிங்ல ஒரு சின்ன ஜப்பான் கார் எடு" என்கிறார்.

பதில்: நகையை வைக்காதீர்கள், தங்கச்சி. வட்டி வருடத்துக்கு 14 வீதம் என்று வைத்துக்கொண்டாலும் 3 லட்சத்துக்கு 42 ஆயிரம் ரூபா, அதாவது உங்கள் அரை மாதச் சம்பளத்துக்கு மேல், காரில் ஒரு ஆணி கூட மாறாமல் போய்விடும். வைப்பில் இருக்கும் 4 லட்சத்தையும் முழுதாகத் துடைத்துக் கொடுக்காதீர்கள். வேலை பழகலாமா என்று கேட்டீர்களே, கட்டாயம் பழகுங்கள். ஆனால் எதைப் பழகுவது, எதற்குக் காசு கொடுப்பது என்பதில்தான் என் மாதிரி ஆட்கள் ஏமாந்திருக்கிறோம்.

எப்படி என்று சொல்கிறேன். நான் வங்கி வேலையில் இருந்த காலத்தில் ஒரு பழைய ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் வைத்திருந்தேன். கடன் எடுத்து முதலில் பெயின்ட் அடித்தேன், சீட் தைத்தேன், பார்க்கிறவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். பிரேக்கை "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று விட்டுவிட்டேன். நுவரெலியாவிலிருந்து ரம்பொடை இறக்கத்தில் வரும்போது பெடல் அப்படியே தரையோடு போனது. கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் மண்மேட்டில் நிறுத்தினேன். புதுப் பெயின்டும் அங்கேயே போனது. பிரேக் எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும், நம் ஊர் மூடுபனியில் கேட்கவே வேண்டாம். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது அந்தத் தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும், அப்புறம் பெடலை மிதித்தால் ஆவியைத்தான் அமுக்குகிறோம்.

உங்கள் மைனரில் நான்கு சக்கரத்து பிரேக்குக்கும் ஒரே குழாய் வழிதான். ஒரு இடத்தில் கசிந்தால் நாலும் போச்சு, மிஞ்சுவது ஹேண்ட்பிரேக் மட்டும். பிரேக் எண்ணெய் ஊற்றும் இடம் பொனெட்டுக்குள் இல்லை, டிரைவரின் காலடியில் கார்ப்பெட்டுக்குக் கீழே இருக்கிறது, அதனாலேயே பலர் வருடக்கணக்காகத் திறந்து பார்ப்பதில்லை. இன்று போய் அதைத் திறந்து அளவைப் பாருங்கள், உங்கள் முதல் பாடம் அதுதான். ஆனால் மாஸ்டர் சிலிண்டர், சக்கர சிலிண்டர், ரப்பர் ஹோஸ் மாற்றும் வேலையை நீங்கள் பழகிப் பார்க்க வேண்டாம், அனுபவமுள்ள மெக்கானிக் பாஸ் ஒருவருக்குக் கூலி கொடுத்து, பக்கத்தில் நின்று பாருங்கள்.

முன் சக்கரத்துக்கும் அப்படித்தான். சக்கரத்தைத் தாங்கும் முன் முட்டுகளுக்குக் கிரீஸ் போகும் சின்ன நிப்பிள்கள் இருக்கின்றன. பழைய கணக்கில் 1,000 மைலுக்கு ஒரு தடவை கிரீஸ் அடிக்க வேண்டும். விட்டுவிட்டால் அந்த முட்டுத் தேய்ந்து, ஒரு நாள் சக்கரம் மடிந்து உட்காரும். பாஸிடம் காட்டித் தேய்மானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நல்லது என்று அவர் சொன்ன பிறகு கிரீஸ் அடிப்பது உங்கள் வேலை. ஒரு கிரீஸ் கன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய சட்டை ஒன்று, அவ்வளவுதான்.

இப்போது அந்த 7 லட்சத்தில் எஞ்சின் கணக்குக்கு வருகிறேன், எனக்கு அதில்தான் சந்தேகம். நீங்கள் இருப்பது கடல் மட்டத்திலிருந்து 1,270 மீற்றர் உயரத்தில். காற்று அடர்த்தி குறைவு, எந்தப் பழைய எஞ்சினும் அங்கே எட்டில் ஒரு பங்கு வலுவை இழக்கும். உங்களுடையது 948 சிசி எஞ்சின் என்றால் புதிதாக வந்தபோதே 37 குதிரை வலுதான், ஆகவே ஏற்றத்தில் கொஞ்சம் திணறுவது நோயில்லை, மலை. கறுப்புப் புகை என்பது பெற்றோல் அதிகம், காற்று குறைவு என்ற அர்த்தம், பெற்றோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரைக் கொழும்பில் வைத்து டியூன் செய்திருந்தால் இங்கே அப்படித்தான் வரும். நீலப் புகை என்றால்தான் எஞ்சின் எண்ணெய் எரிகிறது, அப்போது யோசிக்க வேண்டும். எஞ்சினை இறக்கச் சம்மதிக்கும் முன் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் வரும் அழுத்தம்) பார்த்து நாலு சிலிண்டரின் எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் வேறு கராஜ் பாருங்கள்.

அதற்கிடையில் நீங்களே செய்யக்கூடியவை: பிளக் இடைவெளி 0.025 அங்குலம், பிளக்குக்குத் தீப்பொறி அனுப்பும் பொயின்டின் இடைவெளி 0.015, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளி 0.012. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஒரு பீலர் கேஜ் இருந்தால் பாடசாலை விடுமுறையில் இரண்டு நாளில் பழகிவிடலாம். 20டபிள்யூ50 எஞ்சின் எண்ணெயை 3,000 மைலுக்கு ஒரு முறை மாற்றுங்கள் (உங்கள் மீற்றர் மைலில்தான் ஓடும், கிலோமீற்றர் என்று நினைத்து விடாதீர்கள்). கார்பரேட்டர் சரியானால் புகைப் பரிசோதனையிலும் தப்பிக்கலாம், அந்தச் சான்றிதழும் காப்புறுதியும் இல்லாமல் வருடாவருடம் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காதே.

ஸ்பேனர் வாங்கும்போது கவனம். மில்லிமீற்றர் செட் மலிவாகக் கிடைக்கும், ஆனால் உங்கள் காரின் நட்டுகள் இன்ச் அளவு, அதை வைத்துத் திருகினால் நட்டின் முனை மழுங்கித்தான் போகும். கம்பனி கொடுத்த ஜாக்கை நம்பிக் கீழே படுக்காதீர்கள், அது மாட்டும் இடம் இந்தக் கார்களில் சுலபமாகத் துருப்பிடிக்கும். காரைத் தாங்கும் ஸ்டாண்ட் இரண்டு வாங்குங்கள். இன்னொன்று, இந்தக் காரில் பட்டரியின் பொசிட்டிவ் பக்கம்தான் காரின் உடலோடு இணைந்திருக்கும், யாராவது மாற்றியிருக்கவும் கூடும். அதைப் பார்க்காமல் போன் சார்ஜர் பொருத்தினால் போனுக்கும் சேர்த்துச் செலவு வரும்.

காசை இப்படிப் பிரியுங்கள். 4 லட்சத்தில் 2 லட்சம் வைப்பிலேயே கிடக்கட்டும், அது காருக்கு அல்ல, உங்களுக்கு. 1 லட்சத்து 30 ஆயிரம் பிரேக், முன் முட்டு, டயர். 40 ஆயிரம் கருவிகள். மீதி 30 ஆயிரம் பெயர் மாற்றத்துக்கும் காப்புறுதிக்கும். பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடாதீர்கள், ஐயா நல்லவர்தான், ஆனாலும் பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின், சாசி நம்பரைக் காரில் உள்ளதோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். இதற்குப் பிறகு மாதம் 6 ஆயிரம் தனி சேமிப்புப் புத்தகத்தில் போடுங்கள். பெயின்டும் சீட்டும் அந்தப் புத்தகம் நிரம்பிய பிறகு, அதுவும் தரையிலும் பக்கவாட்டிலும் துருவை வெட்டி எடுத்து வெல்டிங் முடித்த பிறகுதான். உதிரிப்பாகத்துக்கு ஒரு தடவை கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளுக்குப் போய் விலை கேட்டு எழுதி வாருங்கள், கராஜ்காரர் சொல்லும் விலையை அப்போது நிதானமாகக் கேட்பீர்கள்.

அத்தான் சொல்வதில் பாதி உண்மை: தினமும் பாடசாலைக்கு இதையே நம்பினால் சில காலை பஸ்தான். ஆனால் 70 ஆயிரத்தில் மாதாமாதம் லீசிங் கட்டுவது இதைவிடப் பெரிய தலைவலி, கட்டத் தவறினால் காரையும் தூக்கிப் போவார்கள். அதே சமயம் இந்த மைனர் விலை ஏறும், முதலீடு என்று யாராவது சொன்னால் நம்பி அதில் காசைப் போடாதீர்கள். பிடித்திருக்கிறது, அதனால் வைத்திருக்கிறீர்கள், அப்படியே கணக்கில் எழுதுங்கள்.

இந்த வாரம் கராஜுக்குப் போய், பிரேக் வேலைக்கு மட்டும் தனியாக என்ன வரும் என்று ஒரு தாளில் எழுதி வாங்கி எனக்கு அனுப்புங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.