மனச்சோர்வில் பசியே எடுப்பதில்லை, எனக்கு எடையும் குறைய வேண்டும். இப்படியே குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டு போகலாமா?

போகாதீர்கள். இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்து போக முடியவில்லை.

நீங்கள் எந்த ஊர், என்ன வயது என்று கேள்வியில் இல்லை. ஆனாலும் உங்கள் நாள் எப்படிப் போகிறது என்று ஓரளவு தெரிகிறது. காலையில் வெறும் காபி, மதியம் தட்டில் நாலு வாய், ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு கையில் மிக்சர் பாக்கெட். மறுநாள் எடை மெஷினில் கொஞ்சம் குறைந்திருந்தால், அன்றைக்கு உங்களுக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க நான் எழுதவில்லை. எடை குறைய வேண்டிய தேவை எனக்கும் இருந்தது.

எனக்கு ஈரோடு. ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன், நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. எடை 85 கிலோவைத் தொட்டபோது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரைப் பரிசோதனையில் (HbA1c) 6.1 வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை என்றால் சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, வரப் பார்க்கிறது என்று அர்த்தம். எடையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னார். அந்த வருடமே அப்பா தவறிவிட்டார். அதன்பிறகு எனக்கு எதுவும் ஓடவில்லை. குளிப்பதே பெரிய வேலையாகத் தெரிந்தது. தாளிக்கும் வாசனை வந்தாலே குமட்டும். எடை தானாக இறங்கியது.

அப்போது ஊர் முழுக்க என்னைப் பாராட்டியது. ஒரு கல்யாண வீட்டில் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன கண்ணு, நல்லா எளச்சுட்டே! இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கறே, இப்படியே வச்சுக்க" என்றார். கூட இருந்தவர்கள் என்ன டயட் என்று கேட்டார்கள். யாரும் தூங்குகிறாயா என்று கேட்கவில்லை. பெரியம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை, பாசத்தில் சொன்னதுதான். ஆனால் நோயில் இளைத்த உடம்பை அழகு என்று சொல்லும்போது, அந்த நோயை விடாமல் பிடித்துக்கொள் என்று சொல்வதாகிவிடுகிறது. உங்களையும் யாராவது இப்படிப் பாராட்டிக்கொண்டிருந்தால், தயவுசெய்து அதை மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

என் வீட்டுக்காரர்தான் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனார். அந்த மருத்துவர் முதலில் தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 எல்லாம் பார்க்கச் சொன்னார். இவற்றில் குறை இருந்தாலும் சோர்வு வரும், நீங்களும் பார்த்துவிடுவது நல்லது. அப்புறம் அவர் சொன்னது: "எடையப் பத்தி இப்பப் பேச வேண்டாம்மா. பசி வரட்டும்னு காத்திருக்காதீங்க, அது இப்போதைக்கு வராது. மணி பாத்துச் சாப்பிடுங்க."

இதற்குள் ஒரு காரணம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடியும் சமயத்தில், 1944-45-இல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் உணவைக் குறைத்துப் பார்த்தார். தினமும் சுமார் 1,570 கலோரி கொடுத்து, வாரம் 22 மைல் நடக்கவும் வைத்தார்கள். அவர்கள் உடம்பும் மனதும் தேறியவர்கள் என்று பரிசோதித்தே சேர்க்கப்பட்டவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கே மனம் வாடியது, எரிச்சல் வந்தது, எதிலும் கவனம் நிற்கவில்லை, யாரோடும் சேர விருப்பம் இல்லாமல் போனது, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பாகவே இருந்தது. அரைவயிறே இவ்வளவு செய்யும் என்றால், ஏற்கெனவே மனச்சோர்வில் இருக்கிற நமக்கு என்ன ஆகும்? எந்தச் சோர்வு நோயால், எந்தச் சோர்வு பட்டினியால் என்று பிரித்துப் பார்க்கவே முடியாமல் போய்விடும்.

இன்னொன்று, இப்படி வேகமாகக் குறையும் எடையில் கொழுப்பு மட்டும் போவதில்லை, தசையும் போகிறது. இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். பித்தப்பையில் கல் சேரவும் வாய்ப்பு கூடும். வாரத்துக்கு அரை கிலோ, அதிகம் போனால் ஒரு கிலோ, அதற்கு மேல் வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

சரி, வாய்க்குப் பிடிக்காதபோது எப்படிச் சாப்பிடுவது? நான் செய்ததைச் சொல்கிறேன். காலை எட்டு, பதினொன்று, மதியம் ஒன்றரை, சாயங்காலம் ஐந்து, ராத்திரி எட்டு என்று போனில் அலாரம் வைத்தேன். அளவு கொஞ்சமாக இருந்தாலும் நேரம் தவறாமல் பார்த்துக்கொண்டேன். சூடான சாப்பாட்டு வாசனை ஆகாததால் ஆறியதையே எடுத்தேன்: தயிர் சாதம், மோர் விட்ட கம்பங்கூழ், அவித்த முட்டை. மெல்லப் பிடிக்காத நாளில் சத்துமாவுக் கஞ்சியைப் பாலில் காய்ச்சிக் குடித்தேன். சமைக்கத் தெம்பில்லாத நாளில் அரிசியும் பருப்பும் சாதம்தான் என்னைக் காப்பாற்றியது. எங்கள் ஊர்ப் பக்கம் எல்லோருக்கும் கைவந்த சமையல் அது. குக்கரில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடினால் முடிந்தது, பருப்பும் உள்ளே போய்விடும். மேசை மேல் எப்போதும் கடலையும் பொட்டுக்கடலையும் கண்ணில் படும்படி இருந்தன. புரதத்தை மட்டும் கணக்குப் பார்த்தேன். நம் நாட்டுப் பரிந்துரை உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம், ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது. எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. பகலில் வயிறு காலியாக இல்லாததால் ராத்திரி மிக்சர் தானாக நின்றுபோனது.

எடை முதலில் இரண்டு கிலோ ஏறியது. உங்களுக்கும் ஏறலாம், பயப்படாதீர்கள். மாத்திரை பிடித்து, தூக்கம் வந்து, காலையில் வாய்க்கால் கரையோரம் நடக்க மனம் வந்த பிறகுதான் குறைக்கும் வேலையை ஆரம்பித்தேன். அப்போதும் பட்டினி கிடையாது. ராத்திரிச் சாதத்தைக் குறைத்துப் பொரியலைக் கூட்டினேன், காபியில் சர்க்கரையை விட்டேன், அவ்வளவுதான். இப்போது 76 கிலோ, சர்க்கரை 5.6. இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

பேலியோ, விட்டு விட்டு உண்ணாவிரதம் எல்லாம் இருந்து நன்றாக இருப்பவர்கள் இங்கே சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். உங்களுக்குப் பலன் கிடைத்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. பசி செத்துப்போன ஒருவருக்கு அதைச் சொல்லாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். நான் மருத்துவரும் இல்லை. மனச்சோர்வில் சிலருக்குப் பசி கூடும் என்பதும் தெரியும், அவர்களுக்கு வேறு யாராவது எழுத வேண்டும்.

மாத்திரை சாப்பிட்டால் குண்டாகிவிடுவோம் என்ற பயத்தில் பாதியில் நிறுத்தாதீர்கள். மிர்டாசபின் போன்ற சில மருந்துகள் பசியைக் கூட்டும். செர்ட்ராலின், ஃபுளுவாக்செடின் போன்றவை ஆரம்பத்தில் குமட்டல் தரலாம். எடை பற்றிய கவலையை டாக்டரிடம் வாய்விட்டுச் சொன்னால் அதற்கேற்றதாகப் பார்த்துக் கொடுப்பார்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் இதை எங்கேயாவது சொல்லியாக வேண்டும். மருத்துவக் காப்பீடு எடுக்கப் போனபோது படிவத்தில் இந்த மாத்திரை சாப்பிடுவதை மறைக்காமல் எழுதினேன். அதுவரை தினமும் போன் செய்த முகவர் அதன்பிறகு எடுக்கவே இல்லை. உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. உண்மையைச் சொன்னவரை இப்படி நடத்தினால், அடுத்த ஆள் டாக்டரிடம் போவதற்கே யோசிப்பார் இல்லையா? எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மாதத்துக்குள் எடையில் 20-இல் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தாலோ, தண்ணீர்கூட இறங்கவில்லை என்றாலோ, இதைப் படித்துக்கொண்டிருக்காமல் நேராக டாக்டரிடம் போங்கள். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும், அங்கே பணம் தேவையில்லை. உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் 14416-க்குக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் அது. இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.