கனால் டு மிடி கரையில் சைக்கிள்: எந்த டயர், எந்தத் திசை?

தென் பிரான்ஸில் துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோர செட் நகரம் வரை, கனால் டு மிடி என்ற கால்வாயின் கரையிலேயே சைக்கிள் மிதிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் முடியும்; கால்வாய் சுமார் 240 கி.மீ., நிதானமாகப் போனால் ஐந்து நாள்.

முழுவதும் தார்ப்பாதை என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். முதல் 50 கி.மீ. அளவுக்குத்தான் வழவழப்பு. பிறகு பல இடங்களில் மண் தடம், சரளை, கரையோர பிளேன் என்னும் நிழல் மரங்களின் வேர்கள். 28 மி.மீ. டயரில் காற்றைக் குறைத்தால், வேரில் மோதும்போது ட்யூப் ரிம்மோடு நசுங்கி இரட்டை ஓட்டை விழும். கூட்டினாலோ அதிர்வில் கேரியர் திருகுகள் கழலும். 40 மி.மீ. டயரே சரி. திருகுகளைத் தினமும் காலையில் முடுக்குங்கள். மழை பெய்தால் களிமண் மட்கார்டுக்குள் அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும். அன்று பக்கத்துச் சிறு சாலைக்கு மாறிவிடுவதே நல்லது.

திசை? துலூஸிலிருந்து கிழக்கே. வழியிலுள்ள கார்கசோன் நகரப் பக்கம் பெரும்பாலும் மேற்கு, வடமேற்குக் காற்று; முதுகில் தள்ளும். ஓத்தான் என்ற தென்கிழக்குக் காற்று எழும் நாள்களில் மட்டும் எதிர்க்காற்று.

கிராமக் கடைகள் பல மதியம் மூடிவிடும், ஞாயிறு பிற்பகலிலும் திங்களிலும் திறக்காதவை உண்டு. சனிக்கிழமையே ரொட்டி, பாலாடைக்கட்டி வாங்கி வையுங்கள்.