உணவு வகைகளை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைகள் சாப்பிடும்போது மட்டும் கண்டுகொள்வதில்லை. எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

அட்டவணையைக் கொஞ்ச நாள் மூடி வைத்துவிட்டு உணவையே கையில் கொடுத்துப் பாருங்கள். இந்தப் பாடத்துக்கு நான் முதலில் எடுப்பது டிங்சர் அயோடின் பாட்டில்தான். உருளைக்கிழங்குத் துண்டில் ஒரு சொட்டு விட்டால் பழுப்பு நிறம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருநீலமாகிவிடும், வெள்ளரித் துண்டில் அப்படி ஆகாது, அடுத்து ரொட்டி என்றதும் பிள்ளைகள் பந்தயமே கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். (சொட்டு விட்டதை யாரும் வாயில் வைக்கக் கூடாது, இதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.) அப்புறம் சிப்ஸை வெள்ளைத் தாளில் தேய்த்து வெளிச்சத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். ஆப்பிள் துண்டும் தாளை நனைக்கும்தான், ஆனால் அந்த ஈரம் காய்ந்துவிடும், எண்ணெய்க் கறை அப்படியே நிற்கும். கருநீலமானால் மாவுச்சத்து, கறை நின்றால் கொழுப்பு என்று இப்படிக் கண்ணால் பார்த்தே புரிந்துவிடும். புரதத்துக்கு இவ்வளவு சுலபமான வழி இல்லை, வாயால்தான் சொல்ல வேண்டும்.

"பருப்பு எந்த வகை டீச்சர்?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. அதில் புரதமும் இருக்கிறது, மாவுச்சத்தும் நார்ச்சத்தும் இருக்கின்றன. எதை எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று காட்ட அமெரிக்க அரசு பழைய பிரமிடுப் படத்துக்குப் பதிலாக 2011-இல் கொண்டுவந்த தட்டுப் படத்திலேயே உலர்ந்த பீன்ஸ் விதைகள், பயறு வகைகளைக் காய்கறியாகவும் எண்ணலாம், புரதமாகவும் எண்ணலாம் என்றுதான் வைத்திருந்தார்கள்.

சர்க்கரைக்கு லேபிள் போதும். 330 மில்லி கோலாவில் சுமார் 35 கிராம் இருக்கும், ஒரு டீஸ்பூனுக்கு 4 கிராம் என்று கணக்குப் போட்டு, காலி டம்ளரில் அவர்களையே அள்ளிப் போடச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட ஒன்பது ஸ்பூன். அதற்கு மேல் நீங்கள் எதுவும் பேச வேண்டாம்.

"நல்ல சாப்பாடு, கெட்ட சாப்பாடு" என்று பிரிப்பது எனக்குப் பிடிக்காது. அப்படிப் பிரித்தால் பிள்ளை சாப்பாட்டை மாற்றாது, டிபன் பாக்ஸை மூடிக்கொண்டுதான் சாப்பிடும். அதில் இருப்பதை வாங்கியதும் சமைத்ததும் அந்தப் பிள்ளை இல்லையே! யாருடைய டப்பாவையும் எட்டிப் பார்க்காமல், பலகையில் ஒரு தட்டு வரைந்து "இதில் எது குறைகிறது?" என்று கேட்டால் போதும்.

புதுக் காய்கறி என்றால் ஒரு வாய் ருசி பார்த்தால் சரி, பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டு இன்னொரு நாள் கொடுங்கள், எட்டுப் பத்து முறைக்குப் பிறகுதான் சிலருக்குப் பழகும். சாப்பிட்டால் மிட்டாய் தருகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், மிட்டாய்தான் பரிசு, காய்கறி தண்டனை என்று ஆகிவிடும். ருசி பார்க்கும் நாளுக்கு முன்பே யாருக்கு என்ன அலர்ஜி என்று பெற்றோரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.