வாசகர் கேள்வி: மலைச் செம்மறி வேட்டைக்கு உரிமம் கிடைக்குமா?

கேள்வி: கொலராடோவில் குடியிருக்கிறேன். மான் வேட்டையில் ஓரளவு பழக்கம் உண்டு. பிக்ஹார்ன் எனும் பெருங்கொம்பு மலைச் செம்மறிக் கிடா ஒன்றை வேட்டையாட வேண்டும் என்ற ஆசையில் இரண்டு ஆண்டுகள் மாநிலக் குலுக்கலுக்கு விண்ணப்பித்தேன்; உரிமம் விழவில்லை. உரிமங்களைப் பணக்காரர்கள் ஏலத்தில் எடுத்தது போக நமக்கு ஒன்றும் மிஞ்சாது என்கிறார் நண்பர். வேறு எங்கே, எப்படி முயல்வது?

பதில்: உங்களுக்கு உரிமம் விழாததற்கு ஏலம் காரணமில்லை. கொலராடோவில் மலைச் செம்மறிக்கு மூன்று முன்னுரிமைப் புள்ளிகள் சேர்ந்த பிறகுதான் ஒருவருடைய விண்ணப்பம் உண்மையான போட்டிக்குள் நுழைகிறது. உரிமம் விழாத ஆண்டு ஒன்றுக்கு ஒரு புள்ளி என்பதால் உங்களிடம் இப்போது இரண்டுதான் இருக்க முடியும். அதுவும் புள்ளிக்குரிய தனிக் கட்டணத்தைச் செலுத்தியிருந்தால்தான் சேர்ந்திருக்கும். முதல் வேலையாக வனவிலங்குத் துறையில் உள்ள உங்கள் கணக்கில் அதைச் சரிபாருங்கள். மூன்றுக்கு மேல் சேர்பவை வாய்ப்பைக் கூட்டுமே தவிர, உரிமத்தை உறுதி செய்வதில்லை.

இதற்கிடையில் மற்ற மாநிலங்களிலும் விண்ணப்பியுங்கள். ஆனால் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனிக் கணக்கு வைத்திருக்கிறது என்பதை அறிந்து விண்ணப்பியுங்கள். நெவாடாவில் உரிமம் விழாத ஆண்டுகளுக்குச் சேரும் போனஸ் புள்ளிகளை அவற்றாலேயே பெருக்கி, ஒன்றைக் கூட்டி, அத்தனை எண்களைக் குலுக்கலில் சேர்க்கிறார்கள். ஆகவே இன்று தொடங்குபவருக்கும் பத்தாண்டு காத்திருந்தவருக்கும் இடையே பெரும் பள்ளம் விழுந்துவிடுகிறது. அரிசோனாவில் ஒரு பகுதி உரிமங்கள் அதிகப் புள்ளி வைத்திருப்போருக்கே முதலில் செல்கின்றன. மீதி குலுக்கலுக்கு வரும் என்றாலும் வெளிமாநிலத்தவருக்கு உச்சவரம்பு உண்டு. வயோமிங்கோ 2023 முதல் மலைச் செம்மறி உரிமங்களில் 90 சதவீதத்தை உள்ளூர்க்காரர்களுக்கே ஒதுக்கிவிட்டது. அங்கே புதிதாகப் புள்ளி சேர்க்கத் தொடங்குவது வெளிமாநிலத்தவருக்கு வீண்செலவு என்பதே என் எண்ணம். உங்களைப் போன்றவர்களுக்கு நியாயமான இடங்கள் ஐடஹோவும் நியூ மெக்சிகோவும். இரண்டிலும் புள்ளி முறையே கிடையாது. முதல் முறை விண்ணப்பிப்பவரும் இருபதாம் முறை விண்ணப்பிப்பவரும் ஒரே தட்டில் நிற்கிறார்கள். ஆனால் உரிமத்தின் முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டி, விழாவிட்டால் திரும்பப் பெற வேண்டும். ஐடஹோவில் செம்மறிக்கு விண்ணப்பித்தால் அந்த ஆண்டு குலுக்கல் வழியாக வழங்கும் மான், எல்க் எனும் பெரிய மான் வேட்டைகளை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

குலுக்கலே இல்லாத வழியும் இருக்கிறது. மொன்டானாவில், யெல்லோஸ்டோன் பூங்காவை ஒட்டிய சில மாவட்டங்களை 'வரம்பற்றவை' என்பார்கள். பெயர் ஏமாற்றும்: வரம்பில்லாதது உரிமங்களின் எண்ணிக்கைதான், சுடக்கூடிய கிடாக்களோ ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும், ஒதுக்கீடு நிரம்பியதும் குறுகிய அறிவிப்பில் வேட்டையை மூடிவிடுவார்கள். மேடு கடினம், விலங்கு குறைவு. பெரும்பாலோர் வெறுங்கையோடு இறங்குகிறார்கள். ஆனாலும் மலையைக் கற்க இதைவிட நல்ல பள்ளி எனக்குத் தெரியவில்லை.

அலாஸ்காவில் டால் எனும் வெள்ளை மலைச் செம்மறியை வேட்டையாட வெளிமாநிலத்தவருக்கு உரிமம் பெற்ற வழிகாட்டியோ, அங்கு வசிக்கும் நெருங்கிய உறவினரோ உடன் வர வேண்டும். பல பகுதிகளில் கொம்பு முழுச் சுற்று வளைந்திருக்க வேண்டும், அல்லது இரு நுனிகளும் உடைந்திருக்க வேண்டும், அல்லது விலங்குக்கு எட்டு வயதாவது ஆகியிருக்க வேண்டும். வயதைக் காட்டும் கொம்பு வளையங்களைத் தொலைநோக்கியில் எண்ணப் பழகாமல் அங்கே போகாதீர்கள், தவறாகச் சுட்ட கிடாவை அரசு எடுத்துக்கொள்ளும். ஸ்டோன் எனும் இன்னொரு வகை மலைச் செம்மறிக்குப் பெயர்பெற்ற கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் வெளிநாட்டவருக்கு வழிகாட்டி கட்டாயம். செலவு பல்லாயிரம் டாலர்.

உங்கள் நண்பர் சொன்ன ஏலத்துக்கு வருகிறேன். 2013இல் மொன்டானாவின் ஓர் உரிமம் 4,80,000 டாலருக்குப் போனது உண்மைதான். ஆனால் ஏலத்துக்கு வருபவை ஒரு மாநிலத்தில் ஒன்றிரண்டே. அந்தப் பணத்தின் பெரும்பகுதி செம்மறிப் பாதுகாப்புக்கே செல்கிறது. உரிமங்கள் அருகிப்போனதற்கு வீட்டு ஆடுகளிடமிருந்து தொற்றும் நிமோனியா முக்கியமான காரணம். ஒரு குளிர்காலத்தில் மந்தையில் பாதியைக்கூட அது கொண்டுபோகும், அதன் பிறகு பல ஆண்டுகள் பிறக்கும் குட்டிகளும் நிலைப்பதில்லை.

ஒன்றை நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். உங்கள் மாநிலத்திலேயே பெண் ஆடுகளுக்கான உரிமங்களும் உண்டு. பலரும் கிடாவின் கொம்புக்கே ஆசைப்படுவதால் அவற்றுக்குப் போட்டி குறைவு. ஆனால் அதில் வெற்றி பெற்றால் உங்கள் புள்ளிகள் என்னவாகும் என்பதை இந்த ஆண்டு விதிப்புத்தகத்தில் படித்த பிறகே விண்ணப்பத்தில் அந்த வேட்டைக்குரிய குறியீட்டை எழுதுங்கள்.